இன்னும் வராத சீட்டு

ஏப்ரல் 8, புதன்

எதிர்வீட்டு லியோன் கொரேரா இன்று காலை தூத்துக்குடியை விட்டுப் புறப்பட்டார். கப்பலில் இரண்டாம் பொறியாளர். இனி இந்த ஆண்டின் இறுதியில்தான் விடுமுறை. ஊரில் இருந்த நாட்களில் எனக்குப் போக்கர் ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தார். அவருடைய அக்கா செல்வி செலஸ்டின் கொரேராவுக்கு அது முன்பே தெரியும். மூவரும் அவர்கள் வீட்டுக் கூடத்தில் மாலைகளில் ஆடி வந்தோம்.

இன்று மாலை செல்வி கொரேரா என் வாசலில் நின்று, "சார், ஆட்டம் உண்டா?" என்று கேட்டார். மூவரில் ஒருவர் குறைந்துவிட்டதைச் சுட்டிக்காட்டினேன்.

"ரெண்டு பேரு ஆடுததுதான் சார் நெசமான ஆட்டம். மூணாவது ஆளு இருந்தா அவன் முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சிக்கிடலாம்லா?"

நான் மனைவியை இழந்தவன். அவர் மணமாகாதவர். ஆகவே சில நிபந்தனைகளை முன்வைத்தேன். வாசற்கதவு முழுவதும் திறந்திருக்க வேண்டும். பணம் கூடாது, லியோன் விட்டுச்சென்ற பிளாஸ்டிக் பந்தய வில்லைகள் மட்டுமே. இரவு உணவு நேரத்துக்கு முன் முடித்துக்கொள்ள வேண்டும்.

"கையெழுத்துப் போடணுமா சார்?" என்றார்.

வாய்மொழியே போதும் என்று சொன்னேன்.

ஏப்ரல் 11, சனி

பகலில் நிலக்கரிக் கப்பல் ஒன்று. கப்பல் எவ்வளவு ஆழம் அமிழ்ந்திருக்கிறது என்று அதன் பக்கங்களில் உள்ள அளவுக்குறிகளைப் பார்த்து, உள்ளிருக்கும் சரக்கின் எடையைக் கணக்கிட்டுச் சான்றிதழ் தருவது என் தொழில். செல்வி கொரேராவும் துறைமுகத்தில்தான் பணிபுரிகிறார். தாவர நோய்த்தடுப்பு ஆய்வகத்தில் அதிகாரி. வெளிநாட்டிலிருந்து இறங்கும் பருப்பிலும் மரத்திலும் பூச்சி இருக்கிறதா என்று தேடுபவர்.

மாலை ஆட்டத்தில் தோற்றேன்.

ஆட்டத்தின் விதிகளைத் தெளிவுக்காக எழுதி வைக்கிறேன். ஆளுக்கு இரண்டு சீட்டுகள், மூடியபடி. மேசையில் முதலில் மூன்று சீட்டுகள் திறக்கப்படும், பிறகு ஒன்று, பிறகு கடைசியாக ஒன்று. கையிலும் மேசையிலுமாக உள்ள ஏழில் சிறந்த ஐந்து கணக்கு. ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் வைக்கலாம். எதிராளி அதை ஏற்கலாம், கூட்டலாம், அல்லது சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகலாம். வரம்பு கிடையாது. விரும்பினால் தன்னிடம் உள்ள வில்லைகள் அனைத்தையும் ஒரே தள்ளாகத் தள்ளலாம்.

நான் இதுவரை அப்படித் தள்ளியது கை முழுமையாகச் சேர்ந்த பிறகு மட்டுமே. அதுவே முறை என்று கருதுகிறேன்.

ஏப்ரல் 14, செவ்வாய்

சித்திரை முதல் நாள். கப்பல் இல்லை. ஆட்டமும் இல்லை; அவர் புன்னைக்காயலில் சித்தி வீட்டுக்குச் சென்றிருக்கிறார். மாலை மிக நீளமாக இருந்தது. கோடையில் பகல் நீள்வது இயல்பே.

ஏப்ரல் 19, ஞாயிறு

இன்று ஒரு விவாதம்.

என் கையில் இரண்டு கிளாவர். மேசையில் திறந்த மூன்றில் இரண்டு கிளாவர். ஐந்தும் ஒரே இனமாக அமைய இன்னும் ஒன்று வேண்டும். இத்தகைய கையை லியோன் 'பாதிக் கை' என்பார். அவர் அக்கா வைத்த பந்தயத்தை ஏற்று, சீட்டுக்காகப் பொறுமையாகக் காத்திருந்தேன். நான்காவதாகவே கிளாவர் வந்தது. உடனே அனைத்தையும் தள்ளினேன். அவர் ஒரு நொடியும் யோசிக்காமல் கவிழ்த்துவிட்டார். நடுவே பந்தயக் குவியலில் இருந்த சொற்ப வில்லைகளே எனக்குக் கிடைத்தன.

"எப்படித் தெரிந்தது?" என்று கேட்டேன்.

"மேசையில மூணு கிளாவர் கிடக்கு. எங்கிட்டயும் கண்ணு இருக்குல்லா? நீங்க தள்ளுனா சீட்டு வந்துட்டுன்னு அர்த்தம். தபால்காரர் மணியடிச்ச மாதிரி."

"வராத சீட்டை நம்பி எப்படித் தள்ளுவது?"

"வர்றதுக்கு முன்னாடி தள்ளுனா ரெண்டு வழியில ஜெயிக்கலாம் சார். நான் பயந்து கவுத்தா அப்பவே ஜெயிச்சிய. நான் ஏத்துக்கிட்டாலும், சீட்டு வந்தா ஜெயிச்சிய. நீங்க வந்த பொறவு தள்ளுதிய. அப்பம் நான் எதுக்கு அங்க நிக்கப் போறேன்?"

படுக்கும் முன் கணக்கிட்டுப் பார்த்தேன். ஒரே இனச் சேர்க்கைக்கும் வரிசைச் சேர்க்கைக்கும் ஒருங்கே வாய்ப்புள்ள கையானால், முதல் மூன்று சீட்டுகள் திறந்த நிலையில், காணாத நாற்பத்தேழில் பதினைந்து சீட்டுகள் உதவும். இன்னும் இரண்டு சீட்டுகள் வரவேண்டியிருப்பதால் வெல்லும் வாய்ப்பு பாதிக்கும் மேல். கையில் இன்னும் ஒன்றுமே சேரவில்லை. ஆனால் பாதிக்கும் மேல்! எதிரில் ஒருவரே இருக்கும்போது அவரிடமும் பெரும்பாலும் பெரிதாக ஒன்றும் இருக்காது. அவர் சொன்னது கணக்கில் சரி. நடத்தையில் சரியா என்பது வேறு கேள்வி.

ஏப்ரல் 27, திங்கள்

செல்வி கொரேராவுக்குப் பதவி உயர்வு வந்திருக்கிறது. விசாகப்பட்டினத்தில் பெரிய ஆய்வகம், அதன் பொறுப்பு. ஜூலை முதல் நாள் சேர வேண்டும். ஏற்பதா மறுப்பதா என்று ஜூன் தொடக்கத்துக்குள் சொல்ல வேண்டுமாம்.

"தங்கள் தகுதிக்கு உரிய அங்கீகாரம்" என்று வாழ்த்தினேன்.

"வாழ்த்துப்பா மாதிரி இருக்கு சார். போகவா வேண்டாமான்னு ஒரு வார்த்த சொல்லுங்களேன்."

அது அவரே எடுக்கவேண்டிய முடிவு என்றேன். அவர் சீட்டுகளைக் கலைத்துக்கொண்டே இருந்தார். வழக்கத்தைவிட அதிக நேரம் கலைத்தார்.

இன்று கொடுத்த சான்றிதழில் கப்பலின் பெயரைத் தவறாக எழுதி, திருத்தி எழுத நேர்ந்தது. வெயில் அதிகம்.

ஏப்ரல் 29, புதன்

ஆட்டம். தோல்வி. அவர்கள் வீட்டுக் கூடத்தில் மினுங்கிக்கொண்டிருந்த குழல்விளக்கை மாற்றிக் கொடுத்தேன்.

மே 6, புதன்

பாளையங்கோட்டையிலிருந்து தங்கை கோமதி தொலைபேசினாள்.

"அண்ணே, லீவுக்கு இங்க வாரியளா இல்லியா?"

மாலையில் வேலை இருக்கிறது என்றேன்.

"சாயங்காலம் என்ன கப்பலு?"

சீட்டாட்டம் என்று விளக்கினேன்.

"சீட்டா? கல்யாண வீட்டுல ரம்மிக்கு ஆள் குறையுதுன்னு கூப்பிட்டாலும் பேப்பர எடுத்து முகத்த மறைச்சிக்கிடுவியளே! யாருகூட?"

எதிர்வீட்டில் என்றேன். எதிர்வீட்டில் யார் என்றாள். மத்திய அரசு அதிகாரி ஒருவர் என்று பதிலளித்தேன். அது உண்மையே.

மே 9, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

என் கையில் ஸ்பேட் ஜாக்கியும் ஸ்பேட் பத்தும். மேசையில் ஸ்பேட் ஒன்பது, டைமன் எட்டு, ஸ்பேட் மூன்று. எந்த ஸ்பேட் வந்தாலும் இனம் சேரும். ராணியோ ஏழோ வந்தால் வரிசை சேரும். நான் கணக்கிட்டு வைத்திருந்த அதே கை, பதினைந்து சீட்டுகள். செல்வி கொரேரா பந்தயம் வைத்தார். நான் முதன்முறையாக, சேராத கையுடன், அனைத்தையும் தள்ளினேன்.

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு தம் சீட்டுகளைப் பார்த்தார். "நீங்க தள்ளுனா கை இருக்கும்" என்று மெல்லச் சொல்லிவிட்டு, சீட்டுகளைத் திறந்து காட்டியே கவிழ்த்தார். ராஜாவும் ஒன்பதும். மேசையில் இருந்த ஒன்பதோடு சேர்த்து ஒன்பதில் ஜோடி. அந்த நொடியில் என் கையைவிட அது பெரிது.

நான் தள்ளியதை நம்பி ஒருவர் தம்முடையதை விட்டுக்கொடுத்திருக்கிறார். என் கையிலோ ஒரு ஜோடிகூட இல்லை. நான் என் சீட்டுகளைத் திறந்து காட்டி, "மன்னிக்க வேண்டும், என்னிடம் எதுவும் இல்லை. இது உங்களுடையது" என்று சொல்லி, குவியல் முழுவதையும் அவர் பக்கம் நகர்த்தினேன்.

அவர் முகம் சிவந்தது.

"என்ன சார் செய்யுதிய?"

"உங்கள் கைதான் பெரிது. எடுத்துக்கொள்ளுங்கள்."

"நான் யோசிச்சுக் கவுத்தேன். அது என் முடிவு. அதத் திருப்பித் தர நீங்க யாரு?"

நியாயம் என்ற ஒன்று இருப்பதாகச் சொன்னேன்.

"எந்த ரூல்ல சார் இருக்கு அது? ரூல் ரூலுன்னு உயிர எடுப்பியளே, ஜெயிச்சவன் தோத்தவளுக்குத் தர்மம் பண்ணணும்னு எதுல எழுதியிருக்கு? தள்ளுதிய, பொறவு தள்ளுனதுக்குப் பயந்து பின்னாடி இழுக்கிய. நடுவுல நான் ஒருத்தி கோட்டிக்காரியா?"

வில்லைகளைப் பெட்டியில் அள்ளிக் கொட்டினார். கலந்து கொட்டினார்; நிறவாரியாக அடுக்கவில்லை. நான் எழுந்து வந்துவிட்டேன்.

மே 10, ஞாயிறு

எதிர்வீட்டுக் கதவு சாத்தியிருக்கிறது.

மே 12, செவ்வாய்

சாத்தியிருக்கிறது. கொசுவுக்காகவும் இருக்கலாம்.

மே 14, வியாழன்

ஆட்ட விதிகளை மீண்டும் ஆராய்ந்தேன். எதிராளி கவிழ்த்தபின் குவியல் மீதமிருப்பவருக்கே உரியது. அவர் சீட்டைக் காட்டவேண்டியதும் இல்லை. விலக்கே கிடையாது. விதியை மீறியவன் நான். அதைவிட முக்கியமானது, நான் கருணை என்று எண்ணிச் செய்தது அவருடைய தீர்மானத்தைச் செல்லாததாக்கும் செயல். ஒரு கப்பல் தலைவர் என் சான்றிதழைக் கிழித்துவிட்டு, "உங்களுக்குச் சிரமம் வேண்டாம், நானே எடையைக் குறைத்துப் போட்டுக்கொள்கிறேன்" என்றால் எனக்கு எப்படி இருக்கும்?

மே 16, சனி

மாடிப்படியில் எதிர்ப்பட்டார். நான் தயாரித்து வைத்திருந்த வாக்கியங்களில் முதலாவதைச் சொல்லி முடிப்பதற்குள், "புரிஞ்சிட்டா?" என்று கேட்டார்.

"புரிந்தது. குவியல் என்னுடையது."

"ஆமா. சாயங்காலம் வந்து எடுத்துக்கோங்க."

மாலையில் அந்த வில்லைகள் அனைத்தும் என் பக்கத்தில் நிறவாரியாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஆடுவதற்கு முன் திடீரென்று என் தொழிலைப் பற்றிக் கேட்டார். மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசி அலை அடிக்கும்போது கப்பலின் குறியை எப்படிப் படிப்பீர்கள் என்றார். படகில் கப்பலோரம் நின்று, நீர் ஏறும் உச்சத்தையும் இறங்கும் அடியையும் பலமுறை பார்த்து, இடைப்பட்ட அளவைக் கொள்வோம் என்றேன்.

"அப்பம் அந்த எடை கரெக்டா இருக்குமா?"

"அரை சதவீதம் வரை பிழை இருக்கலாம். உலகம் முழுவதும் ஏற்றுக்கொண்ட வரம்பு."

"அலை அடங்கட்டும்னு காத்திருக்க மாட்டியளா?"

"காத்திருந்தால் துறைமுகமே நின்றுவிடும்."

"ஆடுத தண்ணியப் பாத்துக் கையெழுத்துப் போடுதவரு, இங்க வந்து மட்டும் என்ன சார் இப்படி?" என்று கேட்டுவிட்டுச் சீட்டைப் பிரிக்கத் தொடங்கினார்.

எனக்கு வந்த இரண்டு சீட்டுகளை எடுத்துப் பார்த்தேன்.

மே 23, சனி

கையில் ஆர்ட்டின் ஏஸும் ஐந்தும். மேசையில் ஆர்ட்டின் ராணி, ஆர்ட்டின் ஏழு, கிளாவர் இரண்டு. பாதிக் கை, ஆனால் வலுவான பாதி. தள்ளினேன். அவர் ஏற்றார், அவரிடம் ராணியில் ஜோடி இருந்தது. அடுத்த இரண்டு சீட்டுகளும் உதவவில்லை. அனைத்தும் போயிற்று.

"வருத்தமா சார்?"

யோசித்துப் பார்த்தேன். வருத்தம் இல்லை. சீட்டு வராதது என் பிழை அன்று. தள்ளியது பிழையாகவும் ஆகிவிடாது. இதே கை நாளை வந்தாலும் தள்ளுவேன் என்று சொன்னேன்.

"இப்பம்தான் உங்ககூட ஆட பயமா இருக்கு" என்றார். சிரித்தபடிதான் சொன்னார்.

மே 28, வியாழன்

விசாகப்பட்டினத்தில் உள்ள சரக்கு அளவை நிறுவனங்கள் சிலவற்றோடு பேசினேன். அங்குள்ள நடைமுறைகளை அறிந்துகொள்ளும் ஆர்வமே காரணம். ஒரு நிறுவனம், ஆள் தேவைப்படலாம், அடுத்த மாதம் சொல்கிறோம் என்றது. 'படலாம்' என்பது உறுதி அன்று.

ஜூன் 3, புதன்

அவர் பதவி உயர்வை ஏற்றுக்கொண்டுவிட்டார். சொல்லும்போது கண்கள் ஒளிர்ந்தன. அங்கே அவர் பார்த்திராத நுண்ணோக்கிகள் இருக்கின்றன; இருபது ஆண்டுகளாக அவர் விரும்பிய வேலை. மறுத்திருந்தால் தவறு. போகாதீர்கள் என்று யாரேனும் சொல்லியிருந்தால் அது பெருந்தவறு. நான் சொல்லவில்லை, அதில் எனக்கு நிறைவே.

ஆனால் போகாதீர்கள் என்பது மட்டுமே சொல்லக்கூடிய ஒன்று என்று இவ்வளவு நாள் ஏன் எண்ணிக்கொண்டிருந்தேன்?

ஜூன் 7, ஞாயிறு

பேசும்போது சீட்டுக் கட்டு எங்கள் நடுவில் இருக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். ஆகவே மாலைக்குக் காத்திராமல், அவர் காலைத் திருப்பலி முடிந்து வந்ததும் போனேன். அவர் தலையிலிருந்த முக்காட்டை இன்னும் எடுக்கவில்லை.

"விசாகப்பட்டினத்துக்கு நானும் வரலாமான்னு கேக்க வந்தேன்."

"எதுக்கு சார், சாமான் இறக்கவா?"

"அங்கயே இருக்க. கல்யாணம் பண்ணிக்கிட்டு. உங்கள."

கடைசிச் சொல்லைத் தெளிவு கருதிச் சேர்த்தேன்.

அவர் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். நான் நின்றுகொண்டிருந்தேன். பிறகு விசாரணை தொடங்கியது.

"அங்க வேலை கிடைச்சிட்டா?"

"பேசிக்கிட்டு இருக்கேன். முடியல."

"வீடு?"

"பாக்கல."

"உங்க தங்கச்சி?"

"தெரியாது."

"லியோன்ட்ட சொன்னியளா?"

"முதல்ல உங்ககிட்டதான் சொல்லணும்."

"நான் வாரம் தவறாம கோயிலுக்குப் போறவ. மதம் மாறல்லாம் மாட்டேன்."

"நானும் மாற மாட்டேன். மாறாமலே கல்யாணம் பண்ணச் சட்டம் இருக்கு."

"அப்பம் என்னதான் சார் வச்சிருக்கிய?"

"முழுசா ஒண்ணும் இல்ல" என்றேன். சொன்னதில் ஒன்றையும் குறைத்துக்கொள்ளவில்லை.

அவர் சிரிக்கவில்லை. முக்காட்டை எடுத்து மடித்தார். மீண்டும் பிரித்து மடித்தார்.

"எனக்கு நாப்பத்தேழு வயசு. தனியா இருக்கதுக்குப் பழகிட்டு. அது கஷ்டமாவும் இல்ல, தெரியுமா? உடனே பதில் சொல்ல வராது."

அவசரமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அது உண்மை அன்று என்பதால் சொல்லவில்லை.

"ஒண்ணாந்தேதிக்கு முன்னாடி சொல்லுங்க" என்றேன்.

"ஏன்?"

"டிக்கெட் எடுக்கணும்லா?"

அப்போதுதான் சிரித்தார். அது பதிலாகாது என்பதை அறிவேன். பதிவு மட்டும் செய்கிறேன்.

ஜூன் 9, செவ்வாய்

ஆட்டம் இல்லை. மின் கட்டணம் கட்டினேன். சட்டைகளுக்கு இஸ்திரி போட்டேன். கோமதியிடம் சொல்லிவிட்டேன். அவள் முதலில் அழுதாள்; பிறகு, "அவியளுக்குச் சமைக்கத் தெரியுமா?" என்று கேட்டாள், பிறகு, "உங்களுக்குத் தெரியும்லா, போதும்" என்று தானே முடித்துக்கொண்டாள்.

ஜூன் 11, வியாழன்

சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு அவரைச் சங்கடத்திலிருந்து விடுவிக்கலாமே என்ற எண்ணம் பிற்பகலில் தோன்றியது. கைகூட எதிர்வீட்டு மணியை நோக்கிப் போயிற்று. திரும்பி வந்துவிட்டேன். அவர் யோசித்துக்கொண்டிருக்கிறார். யோசிப்பது அவர் உரிமை.

விசாகப்பட்டினத்து நிறுவனம் இன்னும் சொல்லவில்லை.

ஜூன் 14, ஞாயிறு

நண்பகலில் என் வீட்டு மணி அடித்தது. செலஸ்டின் நின்றார்.

"ஒரு கேள்வி இருக்கு. அதுக்குச் சரியா பதில் சொன்னா மீதியப் பேசலாம்."

"கேளுங்க."

"எனக்காக ஊர விட்டு வாரேன், எனக்காகத் தொழில விட்டு வாரேன்னு என்னைக்காவது ஒரு நாள் சொல்லுவியளா? சண்டையில? வயசான காலத்துல? அந்த பாரத்த என்னால தூக்க முடியாது. யாருக்காக வாரிய?"

இந்தக் கேள்விக்கு நான் எதையும் தயாரித்திருக்கவில்லை. இந்த நாட்குறிப்பிலும், இரண்டு மாதமாக, வெயிலையும் பகலின் நீளத்தையும் தொழில் ஆர்வத்தையுமே காரணமாக எழுதி வந்திருக்கிறேன்.

"எனக்காகத்தான்" என்றேன். "நீங்க இல்லாத சாயங்காலம் எனக்கு வேண்டாம். அதுக்காக வாரேன்."



"அப்பம் வாங்க" என்றார்.

விசாகப்பட்டினத்துக்கா என்று கேட்டேன்.

"முதல்ல சாப்பிட. சோறு ஆறுது."

அவர்கள் வீட்டில் மீன்குழம்பு. நான் பிறவிச் சைவன். வாசலிலேயே நெடி தாக்கியது. செலஸ்டின் என் முகத்தைக் கவனித்தார்.

"அங்கயும் வைப்பேன். வாரத்துக்கு நாலு நாளு."

"வையுங்க. ஜன்னல் மட்டும் திறந்து வச்சிருவோம்."

"அடுப்பு?"

"ரெண்டு வாங்குவோம்."

மேசையில் எனக்கென்று ஒரு புதுக் கிண்ணத்தில் தயிரும், பக்கத்தில் மாவடுவும் இருந்தன. என்னை அழைக்க வருவதற்கு முன்பே அவை எடுத்து வைக்கப்பட்டிருக்க வேண்டும். நான் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. தயிரை ஊற்றிப் பிசைந்தேன். எதிரில் அவர் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தபடி, தெலுங்கில் மீனுக்கு என்ன பெயர் என்று என்னைக் கேட்டார். தெரியாது என்றேன். எனக்கும் தெரியாது என்றார். இரண்டு பேரும் சாப்பிட்டோம்.